உழாமல் ஓர் உழவு

தமிழில் பயிர்த்தொழிலுக்கு உழவு என்று பெயர். அத்தொழிலைச் செய்கிறவரை உழவர் என்கிறோம். விதைத்தல், நீர் பாய்ச்சுதல், களையெடுத்தல், எருவிடுதல், காத்தல், அறுத்தல் என்று எத்தனையோ வேலைகள் அதில் அடங்கியிருக்க, உழுதல் என்னும் ஒரு வேலையின் பெயரே தொழில் முழுமைக்கும் பெயராகி நின்றுவிட்டது. அவ்வேலையை நம் முன்னோர் எத்துணை இன்றியமையாததாகக் கருதினர் என்பதற்கு வேறு சான்று வேண்டுவதில்லை. அகல உழுவதினும் ஆழ உழு என்பது நாட்டுப்புறத்து முதுமொழி. ஒரு பலப் புழுதி கால் பலம் ஆகும்படி உழுது காயவிட்டால், ஒரு பிடி எருவும் இன்றிப் பயிர் செழிக்கும் என்ற கருத்தைத் திருக்குறளின் உழவு அதிகாரத்தில் காண்கிறோம்.

இவ்வாறு போற்றப்பட்டு வந்த ஏரை, இன்று உலகின் பல பகுதிகளில் உழவர்களே நிறுத்தி வைத்துவிட்டார்கள். 2018-19 ஆம் ஆண்டுக் கணக்கின்படி, ஏறத்தாழ 20 கோடி ஹெக்டேர் நிலத்தில், அதாவது உலகத்துப் பயிர் நிலங்களில் ஏழில் ஒரு பங்கில், உழாமலே விதைத்துப் பயிர் செய்யும் முறை நடைபெற்று வந்தது. இதனை வளங்காப்பு வேளாண்மை என்று அழைக்கின்றனர். சோம்பலினால் இவர்கள் ஏரை விட்டார்களா? இல்லை. மண்ணைக் காப்பாற்ற வேண்டும் என்னும் கவலையே இவர்களை இந்த வழியில் செலுத்தியது. ஏர் மண்ணுக்கு எவ்வாறு தீங்கு செய்தது, அதனை விட்டுப் பயிர் செய்ய உழவர்கள் எங்ஙனம் கற்றார்கள், கற்றதில் எதனைக் கைவிட்டதால் மீண்டும் துன்புற்றார்கள் என்னும் மூன்றையும் இங்கே ஆராய்வோம்.

முதலில், உழுவது எதற்காக என்று பார்க்க வேண்டும். முக்கியமான காரணங்கள் இரண்டு. களைகளைப் புரட்டி அழிப்பது ஒன்று. விதை விழுந்து முளைப்பதற்கு மெத்தென்ற படுக்கை அமைப்பது மற்றொன்று. நம் நாட்டு மரக்கலப்பை மண்ணைக் கீறிக் கிளறுமேயன்றிப் புரட்டிப் போடுவதில்லை. மண்ணை அடிமேலாகப் புரட்டும் இறக்கைக் கலப்பை ஐரோப்பாவின் வடபகுதியில் சிறப்புற்றது. அங்கே வசந்த காலத்தில் நிலம் குளிர்ந்தும் ஈரம் மிகுந்தும் கிடக்கும். அதனைப் புரட்டி வெயில் படச் செய்தால்தான் விதை முளைக்கும். அந்தத் தட்பவெப்ப நிலைக்கு அது ஏற்ற கருவியே. 1837 இல் அமெரிக்காவில் ஜான் டீர் என்னும் கொல்லர் எஃகுக் கலப்பையை ஆக்கினார். பின்னர் டிராக்டர் வந்தது. குடியேறியவர்களோடு இக்கருவிகளும் கடல் கடந்து சென்றன. சுட்டெரிக்கும் வெயிலும் கொட்டும் மழையும் உள்ள நாடுகளிலும், குளிர் நாட்டுக்கென்று பிறந்த உழவு முறை அப்படியே கையாளப்பட்டது. தொல்லை அங்கேதான் தொடங்கியது.

அத்தொல்லையை உணர்வதற்கு மண் என்பது யாது என்று அறிய வேண்டும். மண் வெறும் தூள் அன்று. நல்ல மண்ணில் ஏறக்குறைய பாதிதான் கெட்டியான பொருள். மற்றைப் பாதி வெற்றிடம். அவ்வெற்றிடங்களில் நீரும் காற்றும் இருக்கின்றன. செங்கற்குவியல் வீடாகாது, செங்கற்களுக்கிடையே அறைகளும் வாயில்களும் அமைந்தால்தான் வீடாகும். மண்ணும் அத்தகையதே. மணலும் வண்டலும் களியும் சிறு சிறு மணிகளாகச் சேர்ந்து ஒட்டியிருக்கின்றன. அவற்றை ஒட்டவைப்பவை எவை? இலையும் வேரும் மக்கி உண்டான மட்கு ஒரு பசை. நுண்ணுயிர்கள் சுரக்கும் பிசின் மற்றொரு பசை. நூலினும் மெல்லிய காளான் இழைகள் வலைபோல் படர்ந்து அம்மணிகளைக் கட்டுகின்றன. மண்புழுக்கள் மண்ணைத் தின்று, துளையிட்டு, குருணை குருணையாக மேலே தள்ளுகின்றன. சார்லஸ் டார்வின் மண்புழுக்களைப் பற்றி ஒரு நூலை 1881 இல் வெளியிட்டார். இங்கிலாந்தின் பல இடங்களில் ஓர் ஏக்கருக்கு ஆண்டுதோறும் 10 டன்னுக்கு மேற்பட்ட மண் புழுக்களின் உடல் வழியே சென்று மேற்பரப்புக்கு வருகிறது என்று அதில் அவர் கணக்கிட்டுக் காட்டினார். கலப்பை தோன்றுவதற்கு நெடுங்காலம் முன்பிருந்தே இவ்வுயிர்கள் நிலத்தை உழுது வந்திருக்கின்றன.

இத்தகைய வீட்டின்மீது கனமான கலப்பை ஆண்டுதோறும் பாய்ந்தால் என்னவாகும்? காளான் இழைகள் அறுபடுகின்றன. புழுக்களின் துளைகள் தூர்ந்துபோகின்றன. மண்ணுக்குள் திடீரென்று மிகுதியாகப் பிராணவாயு புகுவதால், நுண்ணுயிர்கள் மட்கை விரைந்து தின்று கரியமில வாயுவாக வெளிவிடுகின்றன. அப்பொழுது மட்கிலிருந்து தழைச்சத்து விடுபடுவதால், புதிதாக உழுத நிலத்தில் முதற் சில ஆண்டுகள் பயிர் கொழித்து வளரும். உழவன் மகிழ்வான். ஆயினும் அது வட்டியில் வந்த வருவாய் அன்று. முதலையே எடுத்துச் செலவிட்ட செல்வம். வெப்ப நாடுகளில் இச்செலவு மேலும் விரைவாக நடைபெறுகிறது. அன்றியும், கலப்பையின் கொழு ஒரே ஆழத்தில் ஆண்டாண்டாக அழுத்திச் செல்வதால், அதன் கீழே உள்ள மண் இறுகித் தளம்போட்டது போலாகிவிடுகிறது. வேரும் நீரும் அதனை ஊடுருவ முடிவதில்லை.

மேலே நடப்பது இன்னும் கொடியது. பெருமழையின் பெரிய துளி ஒன்று மணிக்கு ஏறத்தாழ 30 கிலோமீட்டர் வேகத்தில் தரையில் மோதுகிறது. போர்வையில்லாத மண்ணில் அது மோதும்போது, பசையிழந்த மண்மணி சிதறித் தூளாகிறது. அத்தூள் நுண்துளைகளை அடைத்து, மேற்பரப்பில் ஒரு படலமாகப் படிகிறது. பின்னர் வரும் மழை உள்ளே இறங்க வழியின்றிச் சரிவை நோக்கி ஓடுகிறது. ஓடும்போது மண்ணையும் அள்ளிச் செல்கிறது. ஓர் ஏக்கரில் ஒரு மில்லிமீட்டர் கனம் மண் போய்விட்டால் அது ஏறத்தாழ 5 டன் ஆகும். ஒரு மில்லிமீட்டர் குறைந்ததைக் கண்ணால் யார் காண்பார்? ஓர் அங்குல மண் பாறையிலிருந்து உருவாவதற்குப் பல நூற்றாண்டுகள் வேண்டும். அதனை ஒரு தலைமுறையில் இழந்துவிடலாம்.

இவ்வுண்மையை உலகம் முதன்முதலில் பேரச்சத்தோடு கண்டது அமெரிக்க ஐக்கிய நாட்டில். அந்நாட்டின் நடுப்பகுதியில் பரந்த புல்வெளிகள் இருந்தன. அவற்றை உழுது கோதுமை விளைத்தனர். 1930 களில் மழை பொய்த்தது. புல்லின் வேர்ப்பிடிப்பை இழந்த மண், காற்றில் எழுந்து பறந்தது. 1935 ஏப்ரல் 14 அன்று வீசிய புழுதிப் புயல் பகலை இருளாக்கியது. அந்நாளைக் கறுப்பு ஞாயிறு என்று இன்றும் கூறுகிறார்கள். அதே மாதத்தில் அந்நாட்டின் சட்டமன்றம் மண்பாதுகாப்புச் சட்டத்தை நிறைவேற்றியது. 1943 இல் எட்வர்டு ஃபாக்னர் என்பவர், இறக்கைக் கலப்பையே இக்கேட்டுக்குக் காரணம் என்று வாதிட்டு ஒரு நூலை வெளியிட்டார். உழுதே ஆக வேண்டும் என்பதற்கு விஞ்ஞான ஆதாரம் எங்கே என்று அவர் கேட்ட கேள்வி, நாடெங்கும் பெரும் சர்ச்சையை எழுப்பியது.

எனினும், கேள்வி கேட்பது எளிது. களைக்கு விடை கூறுவது அரிது. உழாவிட்டால் களை மண்டிவிடுமே! இதற்கு ஒரு வழியை இரசாயனத் தொழில் காட்டியது. பாரகுவாட் என்னும் பொருளின் களைக்கொல்லும் திறம் இங்கிலாந்தில் 1955 இல் கண்டறியப்பட்டது. 1962 இல் அது விற்பனைக்கு வந்தது. பசிய இலையைக் கருக்கும் அது, மண்ணில் பட்டவுடன் மண்ணோடு இறுகப் பற்றிக்கொள்வதால் பின்னர் விதைக்கும் பயிரைத் தாக்குவதில்லை. அமெரிக்காவின் கெண்டகி மாநிலத்தில் ஹாரி யங் என்னும் உழவர், அதே 1962 இல் ஓர் ஏக்கருக்கும் குறைந்த நிலத்தில் களைக்கொல்லியின் துணையோடு உழாமலே மக்காச்சோளம் விதைத்துப் பார்த்தார். பயிர் நன்கு விளைந்தது. வேடிக்கை பார்க்க வந்த உழவர்கள், செய்முறையைக் கேட்டுக்கொண்டு போனார்கள்.

இவ்வாறு கேட்டுக்கொண்டு போனவர்களுள் ஒருவர் தென்னமெரிக்காவிலிருந்து வந்தவர். பிரேசில் நாட்டின் தென்பகுதியில் பரானா என்று ஒரு மாநிலம் உண்டு. அதன் வடபகுதியில் எரிமலைப் பாறையிலிருந்து உண்டான ஆழமான செம்மண் நிலம் பரவியிருக்கிறது. காடழித்துக் காப்பி பயிரிட்ட அந்நிலத்தில், பின்னர்க் கோதுமையும் சோயாவும் இடம்பெற்றன. குளிர்காலத்தில் கோதுமை, கோடையில் சோயா என்று ஆண்டுக்கு இரு போகம். கோதுமையை அறுத்தவுடன் தாளைக் கொளுத்திவிட்டு, சட்டிக் கலப்பையால் மண்ணைப் பொடியாக்கி, சோயா விதைத்தார்கள். பெருமழை பெய்யத் தொடங்குவதும் அந்தச் சமயத்தில்தான். மண் மூடியின்றிக் கிடக்க, மழை கொட்ட, வயல்களில் ஓடைகள் பறிபட்டன. ஆறுகள் செந்நிறமாக ஓடின.

ரோலாண்டியா என்னும் ஊரில் ஹெர்பர்ட் பார்ட்ஸ் என்ற ஜெர்மானிய வழிவந்த உழவர் இருந்தார். 1971 இல் பெய்த ஒரு பெருமழையின்போது, தம் நிலத்து மண்ணும் அதிலிட்ட விதையும் உரமும் ஒன்றாக அடித்துச் செல்லப்படுவதை அவர் கண்டார். இப்படியே போனால் பயிர்த்தொழிலையே விட்டுவிட வேண்டியதுதான் என்று அவருக்குத் தோன்றியது. அருகில் இருந்த லோண்ட்ரினா நகரத்து ஆராய்ச்சி நிலையத்தில், ரோல்ஃப் டெர்ப்ஷ் என்னும் வேளாண் நிபுணர் உழாமல் விதைக்கும் சோதனைகளை அதே ஆண்டில் தொடங்கியிருந்தார். பார்ட்ஸ் அவரைக் கலந்துகொண்டார். பின்னர் 1972 இல் இங்கிலாந்துக்கும், அங்கிருந்து அமெரிக்காவுக்கும் சென்று, கெண்டகியில் ஹாரி யங்கின் நிலத்தை நேரில் பார்த்தார். உழாநிலத்தில் விதைக்கும் பொறி ஒன்றை விலைபேசி வரவழைத்தார். அவ்வாண்டு அக்டோபரில் தம் நிலத்தில் உழாமலே சோயா விதைத்தார். அயலார் அவரைப் பித்தன் என்று நகைத்தனர். ஆயினும் மழை பெய்தபோது அவர் நிலத்து மண் அங்கேயே கிடந்தது. நகைத்தவர்களுள் சிலர் மெல்ல வேலியருகே வந்து நின்று பார்க்கத் தொடங்கினர்.

அந்தப் பொறி செய்யும் வேலை இன்னது என்பதை மாணவர்கள் அறிதல் நலம். அதன் முன்னே கூரிய வட்டத் தகடு ஒன்று உருளும். அது நிலத்தின்மேல் கிடக்கும் தாளை வெட்டி, மண்ணில் ஒரு விரல் அகலத்துக்கும் குறைவான பிளவு ஒன்றைக் கீறும். பின்னால் உள்ள குழாய் வழியே விதையும் உரமும் அப்பிளவில் இறங்கும். கடைசியில் வரும் சிறு சக்கரம் பிளவை அழுத்தி மூடும். விதைக்கோட்டுக்கு இடைப்பட்ட நிலம் முழுவதும் தாள்போர்வையோடு அசையாமல் கிடக்கும். கருவி எளிதுதான். ஆயினும் தாள் ஈரமாக இருந்தால் தகடு வெட்டாமல் மடித்து உள்ளே தள்ளிவிடும். விதை மண்ணைத் தொடாமல் தாளில் தங்கி வீணாகும். எந்தப் பதத்தில் விதைப்பது, எவ்வளவு ஆழம், எவ்வளவு அழுத்தம் என்பவற்றைக் கற்பிக்க அன்று ஆசிரியர் எவரும் இல்லை. வயலே பள்ளிக்கூடமாயிற்று.

முதலில் முனைந்தவர்கள், தக்க கருவியும் போதிய களைக்கொல்லியும் கிடைக்காமல் மிகவும் இடர்ப்பட்டனர். 1976 இல் பரானாவின் பொன்டா குரோசா வட்டாரத்தில் மனோயல் பெரேய்ரா, ஃபிராங்கே டைக்ஸ்ட்ரா என்னும் இரு உழவர்களும் ஏரை நிறுத்தினார்கள். தனித்தனியே தடுமாறுவதைவிடக் கூடிப் பேசுவது மேல் என்று கண்ட உழவர்கள், 1979 இல் ஒரு கழகம் அமைத்தனர். அதற்கு அவர்கள் இட்ட பெயர் மண்புழுக் கழகம். பெயரில் நகைச்சுவை இருந்தாலும், பொருள் ஆழமானது. மண்வெட்டியால் ஒரு கட்டி மண்ணைப் பெயர்த்தெடுத்து, அதில் புழு உண்டா, வேர் நேரே இறங்குகிறதா, வளைந்து படுக்கிறதா, மண்ணுக்கு என்ன மணம் என்று பார்ப்பது அவர்களுக்கு விளைச்சலை நிறுத்துப் பார்ப்பதைப் போலவே முக்கியமாயிற்று. ஒருவர் கெட்டதைக் கண்டு மற்றவர் திருந்தினார். ஒருவர் கண்ட நன்மையை மற்றவர் தம் நிலத்தில் சோதித்தார். விஞ்ஞானிகளும் கருவி செய்வோரும் அக்கூட்டங்களில் வந்து அமர்ந்து, கற்பித்ததைப் போலவே கற்றும் சென்றனர்.

அவர்கள் கண்ட பெரிய உண்மை, ஏரை நிறுத்துவது பாதி வேலைகூட அன்று என்பதே. ஏர் செய்துவந்த வேலையை வேறொன்று செய்ய வேண்டும். அதற்கு அவர்கள் செடிகளையே துணைகொண்டனர். இரண்டு பயிர்களுக்கிடையே நிலம் வறிதே கிடக்கும் காலத்தில் கரு ஓட்ஸ் என்னும் புல்லினப் பயிரையும், ஒருவகை முள்ளங்கியையும், அவரையினக் கொடிகளையும் விதைத்தனர். முள்ளங்கியின் தடித்த கிழங்கு இறுகிய மண்ணைத் துளைத்துக்கொண்டு இறங்கும். அது மக்கியபின் அத்துளை நீருக்கும் அடுத்த பயிரின் வேருக்கும் வழியாகும். அவரையினம் காற்றிலிருந்து தழைச்சத்தைப் பிடித்துக் கொடுக்கும். ஓட்ஸ் அடர்ந்து வளர்ந்து களையை நெருக்கி அடக்கும். பூக்கும் பருவத்தில் கத்தி பொருத்திய உருளையால் அதனை மிதித்துப் படுக்க வைத்துவிட்டால், அது தடித்த மூடாக்காகி நிலத்தை மறைக்கும். வெளிச்சம் படாத இடத்தில் பல களைகளின் விதை முளைப்பதில்லை. மழைத்துளியின் வேகத்தைத் தாள் தாங்கிக்கொள்ளும். வெயிலில் ஆவியாகும் ஈரமும் குறையும். சிறு நிலமுடையோருக்கென்று மாடு இழுக்கும் விதைப்புக் கருவிகளும், நின்றபடியே கையால் குத்தி விதைக்கும் கருவியும் அம்மாநிலங்களில் வழக்கிற்கு வந்தன.

இவ்வாறு பல நாட்டு அனுபவங்களிலிருந்து திரண்ட முறையை மூன்று விதிகளாக ஐக்கிய நாடுகளின் உணவு வேளாண்மை நிறுவனம் வகுத்துக் கூறுகிறது. மண்ணை இயன்றவரை கிளறாதிருத்தல் முதல் விதி. பயிர்த்தாளாலோ உயிருள்ள பயிராலோ நிலத்தை எப்பொழுதும் மூடிவைத்தல் இரண்டாம் விதி. ஒரே பயிரைத் திரும்பத் திரும்ப இடாமல் பலவகைப் பயிர்களை மாற்றி மாற்றி இடுதல் மூன்றாம் விதி. இம்மூன்றும் அடுப்பின் முக்கற்கள் போன்றவை. ஒன்றை எடுத்துவிட்டால் பானை நில்லாது.

பானை கவிழ்ந்ததும் உண்டு. பிரேசிலில் இம்முறை கோடிக்கணக்கான ஏக்கருக்குப் பரவியபின், பலர் ஏரை நிறுத்தியதோடு நின்றுவிட்டனர். சந்தையில் சோயாவுக்கு நல்ல விலை. ஆகவே இடைப்பயிரையும் மாற்றுப் பயிரையும் கைவிட்டு, ஆண்டுதோறும் சோயாவையே விதைத்தனர். சோயாவின் இலையும் தண்டும் விரைவில் மக்கிவிடும், மூடாக்கு மெலிந்தது. உழாத நிலத்தில் மண் அரிக்காது என்ற துணிவினால், சரிவுகளில் முன்னோர் போட்டிருந்த மண்வரப்புகளையும் சிலர் இடித்துத் தள்ளினர். பெரிய பொறிகள் ஓட அவை இடையூறாக இருந்தன. மழை வந்தது, அரிப்பும் திரும்பி வந்தது.

களைக்கொல்லியின் கதையும் அத்தகையதே. பாரகுவாட் மனிதருக்கு மிகக் கொடிய நஞ்சு. உட்கொண்டால் மாற்று மருந்து இல்லை. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2007 லும், பிரேசிலில் 2020 லும் அதன் பயன் தடை செய்யப்பட்டது. பெரிதும் கையாளப்பட்ட மற்றொரு களைக்கொல்லியாகிய கிளைபோசேட்டையே ஆண்டாண்டாகத் தெளித்ததால், அதற்குச் சாகாத களைகள் தோன்றின. ஆஸ்திரேலியாவில் 1996 இல் ஒரு புல்லினக் களையில் இது முதலில் கண்டறியப்பட்டது. பின்னர்ப் பிரேசிலிலும் பிற நாடுகளிலும் வேறு களைகள் அத்திறம் பெற்றன. செடிகளால் செய்யவேண்டிய வேலையைப் புட்டியிடம் ஒப்படைத்ததன் பயன் இது. ஏரை விட்டவர் நஞ்சுக்கு அடிமையாவாராயின், அவர் பெற்ற விடுதலை அரைகுறையானதே.

2015 இல் வெளியான ஒரு பெரிய ஆராய்ச்சியும் இதனையே கூறுகிறது. 63 நாடுகளில் நடந்த 610 ஆய்வுகளை ஒன்றுசேர்த்துப் பார்த்தபோது, உழுவதை மட்டும் நிறுத்தி மற்ற இரண்டு விதிகளையும் விட்ட இடங்களில் விளைச்சல் குறைந்தது. மூன்றையும் சேர்த்துக் கையாண்ட இடங்களில் அக்குறை சுருங்கியது; மழையை நம்பிய வறண்ட நிலங்களிலோ, உழுத நிலத்தைக் காட்டிலும் விளைச்சல் மிகுந்தது. ஆகவே, உழாமை என்பது எங்கும் செல்லும் மந்திரம் அன்று. ஈரம் அரிதான நிலத்தில் அதன் பயன் பெரிது; நீர் தேங்கும் குளிர்ந்த நிலத்தில் அது சிறிது.

நம் நாட்டில் இதன் நிலை என்ன? கங்கைச் சமவெளியில் நெல்லுக்குப் பின் கோதுமை விதைக்கிறார்கள். நெல் அறுத்த வயலைப் பல சால் உழுது பதப்படுத்துவதற்குள் விதைக்கும் பருவம் கடந்து, விளைச்சல் குறைந்துவிடும். 1990 களில் அரியானாவில் குல்லி டண்டா என்னும் களை, வழக்கமான களைக்கொல்லிக்கு அடங்காமல் பெருகியது. உழாமல் உரிய காலத்திலேயே விதைத்தால், மண்ணைக் கிளறாமையால் அக்களை குறைவாக முளைப்பதையும், டீசலும் கூலியும் மிச்சப்படுவதையும் உழவர்கள் கண்டனர். அறுவடைப் பொறி விட்டுச்செல்லும் வைக்கோலைக் கொளுத்தாமல், அதனூடேயே கோதுமையை விதைக்கும் பொறிகளும் பின்னர் வந்தன.

தமிழ் நாட்டுக்கும் இது முற்றிலும் புதிதன்று. காவிரிப் பாசனப் பகுதியில் சம்பா, தாளடி நெல் அறுவடைக்குச் சில நாள் முன்பு, வயல் மெழுகு பதத்தில் இருக்கும்போது, நிற்கும் பயிருக்குள்ளேயே உளுந்தையும் பயறையும் தெளித்துவிடுவது நெடுநாளைய வழக்கம். ஏர் இல்லை, தனியே நீர் இல்லை. நெல்லை அறுத்தபின் அரிதாளுக்கிடையே, எஞ்சிய ஈரத்திலும் பனியிலும் அப்பயறு வளர்ந்து காய்க்கும். உழாமை, தாள், பயிர்மாற்றம் ஆகிய மூன்றும் அந்த ஒரு வழக்கத்தில் ஓரளவு அடங்கியிருக்கின்றன.

ஆயினும் நம் உழவர் எல்லாரும் நாளையே ஏரை மூலையில் சாத்திவிட வேண்டும் என்று கூறுவது பேதைமை. நடவு நெல்லுக்குச் சேற்றுழவு செய்வது, நீர் கீழே இறங்காமல் நிறுத்துவதற்காக. மானாவாரி நிலத்தில் கோடை உழவு, முதல் மழையை உள்ளே வாங்குவதற்காக. காரணம் உள்ள செயலை, மாற்று வழி கையில் இல்லாமல் விடலாகாது. வைக்கோல் நம் ஊரில் மாட்டின் உணவு. அதனை நிலத்துக்குப் போர்த்திவிட்டால் மாடு எதனைத் தின்னும்? மேய்ச்சலுக்குத் திறந்துகிடக்கும் வயலில் மூடாக்கைக் காப்பது எங்ஙனம்? முதல் இரண்டு மூன்று ஆண்டுகளில் நட்டம் வந்தால், இரண்டு ஏக்கர் உழவர் அதனைத் தாங்குவாரா? இவை புறக்கணிக்கத்தக்க கேள்விகள் அல்ல. பரானாவில் நிகழ்ந்தது போல, உழவர்கள் கூடி, நிலத்தின் ஒரு மூலையில் சோதித்து, தம் மண்ணுக்கும் மழைக்கும் மாட்டுக்கும் ஏற்ற விடையைத் தாமே காண வேண்டும். அதற்குத் துணைநிற்பதே படித்தவரின் கடமை.

அக்கடமையின் தொடக்கமாக, மாணவர்கள் செய்து பார்க்கத்தக்க சோதனை ஒன்றைக் கூறுகிறேன். ஆண்டுதோறும் உழும் வயலிலிருந்து நெல்லிக்காய் அளவுள்ள மண்கட்டி ஒன்றை எடுங்கள். அதற்கருகே, அதே வகை மண்ணுள்ள வேலியோரத்தில், நெடுநாள் புல் மூடிக்கிடந்த இடத்திலிருந்து மற்றொன்றை எடுங்கள். இரண்டையும் நிழலில் நன்றாக உலர்த்தி, இரண்டு கண்ணாடிக் குவளைகளில் நீர் நிரப்பி, கம்பி வலையில் வைத்து ஒரே சமயத்தில் அமிழ்த்துங்கள். நீர் உட்புகும்போது கட்டியினுள் அடைபட்ட காற்று வெளியேற முட்டும். பசையுள்ள கட்டி அம்முட்டலைத் தாங்கும், பசையற்றது உடையும். வயற்கட்டி சில நிமிடங்களில் கரைந்து நீரைக் கலக்குவதையும், வேலியோரத்துக் கட்டி பெரிதும் உருவம் குலையாமல் நிற்பதையும் பெரும்பாலும் காண்பீர்கள். பெருமழையில் வயலில் நடப்பதும் அதுவே. அக்குவளைகளை உங்கள் ஊர் உழவர் ஒருவரிடம் காட்டிக் கருத்துக் கேளுங்கள். அவர் கூறுவது எந்தப் புத்தகத்திலும் இல்லாததாக இருக்கக்கூடும்.

புழுதி காய உழுவதைப் புகழ்ந்த அதே அதிகாரத்தில், அடுத்த குறளிலேயே, ஏர் உழுவதினும் எருவிடுதல் நன்று என்றும், நீர் பாய்ச்சுவதினும் காத்தல் நன்று என்றும் வள்ளுவர் வரிசைப்படுத்துகிறார். அங்கே காவல் என்றது பயிருக்கு. பயிரைத் தாங்கி நிற்கும் மண்ணுக்கும் காவல் வேண்டும் என்பதே, ஏரை நிறுத்திய உழவர்கள் தம் வயலில் கற்ற பாடம். மண்ணைக் கிளறாதிருத்தல், மூடிவைத்தல், பயிர் மாற்றுதல் ஆகிய மூன்றும் அக்காவலின் மூன்று கைகள். மூன்றும் சேர்ந்து உழைக்கும் நிலத்தில்தான் மண் நிலைபெறும்.